ஓரா மீன்: முள்ளை முதலில் எடுங்கள்

போன ஆவணியில் ஒருநாள் அதிகாலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் எங்கள் ஊரில் யாருக்கும் நெஞ்சு ஒருக்கால் பதறித்தான் போகும். எடுத்தால் கனடாவின் ஸ்காபறோவில் இருந்து மருமகன். என் அக்காவின் மகளைக் கட்டியவர்.

"மாமா, ஓரா குத்திப்போட்டுது. கை விண் விண்ணெண்டு இடிக்குது. என்ன செய்யிறது?"

அங்கே மாலை ஆறு மணி. தமிழ்க் கடையில் உறையவைத்த ஓரா ஒரு பொதி வாங்கி, பேசினில் தண்ணீர் விட்டு, ஐஸ் கரைந்ததும் ஒரு மீனை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். அவ்வளவுதான். இப்போது கையில் என்ன வைத்திருக்கிறீர் என்று கேட்டேன். ஐஸ் கட்டியாம். முதலில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுடுதண்ணீர் வையும் என்றேன்.

பிறகு படுத்தாலும் நித்திரை வரவில்லை. முப்பது வருடத்துக்கு முன் இதே பிழையை நானும் செய்தவன். அந்தப் பிழையில் இருந்துதான் இந்த மீனை வெட்டப் பழகினேன். அவருக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து, பிறநாட்டில் இருந்துகொண்டு ஓராவுக்கு ஆசைப்படும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன். நான் கடற்றொழிலாளி இல்லை. தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்தில் உள்ள பாசையூர்ச் சந்தைக்குச் சைக்கிளில் போய் மீன் வாங்கி வந்து நானே வெட்டிச் சமைக்கிறவன், அந்த அனுபவம்தான்.

ஓரா என்றால் எது என்று தெரியாதவர்களுக்கு: உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான, இரண்டு பக்கமும் தட்டையான மீன். முதுகு பாசி நிறம், வயிறு வெள்ளி. உடம்பு முழுக்க அரிசிக் குறுணி தெளித்தது போல வெண்புள்ளிகள் இருக்கும். வாய் மிகச் சின்னது, முயல் புல் கறிப்பது போலக் கொறிக்கும் வாய். அதனால்தான் ஆங்கிலேயர் இதை முயல் மீன் என்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் முப்பதுக்குக் கிட்டிய இனங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் சின்னதை ஓரா என்றும், அதே சாயலில் பருத்து வருவதை ஒட்டி என்றும் சொல்வோம். ஓரா ஒரு அடிக்கு மேல் வளர்வதில்லை. சந்தைக்கு வருவது பெரும்பாலும் ஒரு சாண்.

ஆழக்கடல் மீன் அல்ல இது. கடலடிப் பாறையான பார் இருக்கும் இடம், கல் இருக்கும் இடம், சாதாளை என்ற கடற்புல் மண்டிய இடம், இடுப்பளவு தண்ணீர் என்றாலும் போதும். கூட்டமாகத் திரியும். கடல் பெருக்கோடு கரைப் பக்கம் ஏறி, கல்லில் படிந்த பாசியையும் சாதாளையில் ஒட்டிய பாசியையும் பகல் முழுக்க மேயும். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். அதனால்தான் களங்கட்டி என்ற கரைவலைப் பொறியிலோ மீன் கூட்டிலோ ஒன்று நுழைந்தால் பின்னால் வந்தவையும் நுழைந்துவிடுகின்றன. போர்க்காலத்தில் எங்கள் ஆட்கள் வெளிக்கடலுக்குப் போக முடியாமல் இருந்த நாட்களில் கரைக்கடல் மீனை நம்பித்தான் சந்தை நடந்தது. அறக்குளாவும் பாரையும் கண்ணில் படாத நாட்களிலும் ஓரா வரும்.

இனி முள்ளுக்கு வருகிறேன். இங்கேதான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஓராவின் முதுகில் 13 முள். வயிற்றின் பின்பக்கச் செட்டையில், அதாவது துடுப்பில், 7 முள். தொண்டைக்குக் கீழே சோடியாக இருக்கும் சின்னச் செட்டை ஒவ்வொன்றிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டிரண்டு. மொத்தம் 24. இந்தக் கீழ்ச்செட்டையில் இரண்டு பக்கமும் முள் வைத்திருக்கும் மீன் வேறு குடும்பத்தில் இல்லை என்று மீன் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம், ஆனால் சங்கதி முக்கியம். முதுகு முள் எல்லாருக்கும் தெரியும், கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. குத்து வாங்குகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் கீழ்ச்செட்டை முள்ளால்தான். மீனை எடுக்கும்போது கை இயல்பாக வயிற்றுக்குக் கீழே போகிறது, அந்த நாலு முள்ளும் அங்கே மடிந்து கிடக்கின்றன. மருமகனுக்கு நடந்ததும் அதுதான், எனக்கு நடந்ததும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. முதுகுச் செட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தலையைப் பார்த்தபடி ஒரு குட்டி முள் தோலுக்குள் ஒளிந்து கிடக்கும். கணக்கில் அதை நான் சேர்ப்பதில்லை. ஆனால் செட்டையை வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு முள்ளின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். நஞ்சு அதற்குள்தான் இருக்கிறது. முள் தோலைக் கிழித்து உள்ளே போகும்போது நஞ்சும் கூடவே இறங்கும். மீன் செத்துவிட்டது, ஐஸில் கிடந்தது, கனடாவுக்குக் கப்பலில் போனது என்பதெல்லாம் முள்ளுக்குத் தெரியாது. ஆளைக் கொல்லும் நஞ்சு இல்லை. ஆனால் நல்ல வலி, சில மணி நேரம் நிற்கும் வலி. பயப்படாமல் சாப்பிடலாம், ஏனென்றால் இந்த நஞ்சு ஒரு புரதம். சூடு பட்டால் கெட்டுவிடும், சட்டியில் வெந்தபின் அது ஒன்றும் செய்யாது. இதே காரணம்தான் குத்தினால் சுடுதண்ணீர் வைப்பதற்கும். ஐஸ் வைத்தால் கை மரத்தது போல இருக்கும், எடுத்ததும் முன்னையதிலும் கூட வலிக்கும்.

எனக்குக் குத்தியது கலியாணம் கட்டிய புதிதில். மாமியார் வீட்டில் என்னைக் கெட்டிக்காரன் என்று காட்டவேண்டும் என்ற எண்ணம். சந்தைக்குப் போய் ஓரா வாங்கி வந்து, கிணற்றடியில் குந்தியிருந்து கழுவத் தொடங்கினேன். மாமி குசினி வாசலில் இருந்து கத்தினார்: "தம்பி, உதைக் கையால அளையாதேங்கோ!" அவர் சொல்லி முடிக்கமுன் பெருவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது. மருமகன் அழக்கூடாது என்பதால் நான் அழவில்லை. மாமி ஒன்றும் பேசாமல் அடுப்பில் இருந்த கேத்தில் தண்ணீரைச் சருவச்சட்டியில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அமுக்கினார். பிறகு எனக்கு முன்னாலேயே அந்த மீன்களை எடுத்து வெட்டிக்கொண்டே சொன்னார்: "முதல்ல முள்ளை வெட்டவேணும். அதுக்குப் பிறகுதான் அது மீன்."

மாமி செய்த வரிசையைத்தான் இப்போதும் செய்கிறேன். சந்தையில் இருந்து தொடங்குவோம்.

ஓரா வாங்கும்போது கண்ணைப் பார்ப்பது, பூவை, அதாவது செவுளைப் பார்ப்பது எல்லாம் மற்ற மீனுக்குப் போலத்தான். கண் பளிங்காக, பூ சிவப்பாக இருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த மீன் உயிரோடு இருக்கும்போதே பயந்தால் திட்டுத் திட்டாக நிறம் மாற்றும், இரவில் சாதாளைக்குள் படுக்கும்போது இன்னொரு நிறம். செத்தபின் மங்கலான மண்நிறம் வரும். அதனால் நிறம் மங்கியது என்பது பழையது என்பதற்கு அடையாளம் இல்லை. நம்ப வேண்டியது வயிற்றை. ஓராவில் முதலில் பழுதாவது வயிறுதான். நாள் முழுக்கப் பாசி மேய்கிற மீன், குடல் சுருள் சுருளாக நீண்டு பச்சைக் களியால் நிறைந்திருக்கும். மீன் செத்தபின்னும் அது உள்ளே புளித்துக்கொண்டு கிடக்கும். நேரம் போகப் போக அந்த நாற்றம் வயிற்றுச் சதைக்குள் இறங்கும். ஓரா வெடுக்கு என்று சொல்கிறவர்கள் சாப்பிட்டது நேரம் கழித்து வெட்டிய ஓராவை.

ஆகவே விரல் நுனியால் வயிற்றை மெல்ல அமுக்கிப் பாருங்கள். மேலே இருந்து, பக்கவாட்டில். கீழே கை கொடுக்க வேண்டாம். இறுக்கமாக இருந்தால் நல்லது. தொளதொளவென்று இருந்தால், அல்லது பின் துவாரத்தில் பச்சையாகக் கசிந்திருந்தால், விலை பாதி என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள். பாசையூரில் காலையில் மீன் ஏலம் கூறும் இடத்துக்கு நேரே போனால் இந்தச் சோதனை அதிகம் தேவைப்படாது. பத்து மணிக்குப் பிறகு வெயிலில் கிடக்கும் குவியலில் கட்டாயம் தேவை. எனக்கு வழக்கமாக மீன் தருகிற அக்கா ஒருவர், நான் குனிந்து அமுக்கத் தொடங்கினாலே, "ஐயா, உது விடியப் பிடிச்சது, என்னை நம்பேல்லையோ?" என்பார். நம்புகிறேன் அக்கா, ஆனால் அமுக்குவேன்.

உறைந்தது வாங்குகிறவர்கள் வயிறு வெட்டித் துப்புரவாக்கியதைத் தேடுங்கள். முழுசாகத்தான் கிடைத்தால் பொதிக்குள் பச்சையோ பழுப்போ நீர் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வயிறு வெடித்தபின் உறையவைத்தது அது. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கரையவிடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: முழுக்கக் கரையவிடாதீர்கள். மேலே இளகி உள்ளே இன்னும் இறுக்கமாக இருக்கும் நேரம்தான் முள் வெட்ட வசதி. மீன் வழுக்காது, வளையாது. உள்ளே குடலும் உறைந்து கட்டியாக இருக்கும், உடையாமல் வரும். மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கனடாவில ஓரா வெட்டுறது உங்களை விட எனக்குச் சுகம்" என்றார். இருக்கலாம்.

இனி வெட்டு. கத்தி எல்லாம் பிறகு. முதலில் வேண்டியது ஒரு நல்ல கத்தரிக்கோலும் தடித்த துணி ஒன்றும். மாமி சத்தகம் என்ற சின்னக் கத்தியாலேயே எல்லாம் செய்தவர், அவர் கை வேறு. நமக்குக் கத்தரிக்கோல். பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறை போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஓரா முள் அதற்குள்ளால் வெண்ணெயில் போவது போலப் போகும், ஆனால் கையுறை போட்ட தைரியத்தில் நீங்கள் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள்.

மீனை அகப்பையாலோ இடுக்கியாலோ எடுத்துப் பலகையில் சரித்துப் படுக்க வையுங்கள். முதுகு உங்களுக்கு எதிர்ப்பக்கம். துணியை நாலாக மடித்துத் தலையின்மேல் போட்டு, உள்ளங்கையால் பலகையோடு அமுக்குங்கள். தலையை மட்டும். இப்போது கத்தரிக்கோலை வால் பக்கம் இருந்து முதுகுச் செட்டையின் அடியில் கொடுத்து, தலையை நோக்கி வெட்டிக்கொண்டு வாருங்கள். முள் எல்லாம் வாலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் வாலில் இருந்து வந்தால் கத்தரிக்கோல் அவற்றின் அடிக்குள் தானாகவே போகும். தலையில் இருந்து போனால் முள்மேல் வழுக்கும். செட்டை தொடங்கும் இடத்தில் நிறுத்தாமல் இன்னும் ஒரு நெல் அளவு முன்னால் போய் வெட்டுங்கள், ஒளிந்திருக்கும் குட்டி முள்ளுக்காக.

அப்புறம் மீனை அதே இடத்தில் சுழற்றி வயிற்றுப் பக்கம் அப்பால் வரும்படி வைத்து, பின் செட்டையை அதே மாதிரி வாலில் இருந்து வெட்டுங்கள். கடைசியாகத் தொண்டைக்குக் கீழே உள்ள சோடிச் செட்டை. இவை உடம்போடு ஒட்டி மடிந்திருக்கும். கத்தரிக்கோலின் நுனியாலேயே தூக்கி, அடியோடு ஒவ்வொன்றாக வெட்டுங்கள். விரலால் தூக்க வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் ஒரு விரல் உதவிக்கு வரும், வரவிடாதீர்கள்.

வெட்டிய செட்டைகளை உடனே ஒரு பழைய தகரப் பேணியில் போடுங்கள். பலகையிலோ பேசினிலோ கிடக்கவிட்டால் பிறகு கழுவுகிறவருக்குக் குத்தும். மாமி அவற்றைச் சிரட்டைக்குள் போட்டு அடுப்பிலேயே எரித்துவிடுவார். முற்றத்தில் எறியமாட்டார், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவு.

இவ்வளவும் ஆனபின் ஓரா சாதுவான மீன். கையால் பிடிக்கலாம்.

செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. தோல் மெல்லிய பதனிட்ட தோல் போல இருக்கும். கத்தியின் முதுகால் வாலில் இருந்து தலைக்கு நாலு தரம் சுரண்டி, கல்லுப்பும் புளி பிழிந்த சக்கையும் சேர்த்துத் தேய்த்தால் வழுவழுப்புப் போய்விடும். தோலை உரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, தேங்காய்ப்பால் சொதியில் அந்தத் தோல்தான் சதையைப் பிடித்து வைத்திருக்கும்.

குடல் எடுப்பதற்கு இரண்டு வழி. தலை வேண்டாம் என்பவர்கள் முதுகுப் பக்கத்தால், தலைக்குப் பின்னால் கத்தியை வைத்து நடுமுள் அறுபடும் வரை மட்டும் வெட்டுங்கள். முழுக்க வெட்டக்கூடாது. பிறகு தலையை வயிற்றுப் பக்கமாக மடக்கி மெல்ல இழுத்தால் தலையோடு குடல் சுருள் முழுவதும் உடையாமல் வந்துவிடும். முதல் தரம் பார்ப்பவர்களுக்கு வித்தை போல இருக்கும். தலை வேண்டும் என்பவர்கள், நானும் அந்தக் கட்சி, பின் துவாரத்தில் இருந்து தொண்டை வரை தோலை மட்டும் கீறுங்கள். கத்தி நுனி மேல்நோக்கி இருக்க வேண்டும், உள்ளே குத்தக்கூடாது. விரலை விட்டுச் சுருளை ஒரு பக்கத்தில் இருந்து உருட்டி எடுங்கள். பிச்சு, அதாவது பித்தப்பை, உடைந்தால் அந்த இடம் கசக்கும். உடைந்துவிட்டால் பதறாமல் உடனே உப்புத் தேய்த்துக் கழுவுங்கள், பச்சை பட்ட சதையைச் சீவி எறியுங்கள்.

சில நாளில் வயிற்றுக்குள் சினை இருக்கும். மஞ்சளாக இரண்டு பிசின் துண்டு போல. அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஓரா அமாவாசை கழிந்த சில நாட்களில் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடுகிற மீன், ஆகவே முட்டையிடும் காலத்தில் அமாவாசையை ஒட்டி வாங்கினால் சினை கிடைக்க வாய்ப்புக் கூட. சிங்கப்பூரில் சீனர்கள், அதிலும் தியோச்சூக்காரர், தங்கள் புத்தாண்டுக்கு இதே குடும்பத்து மீனைச் சினையோடு முழுசாக ஆவியில் அவித்துச் சாப்பிடுவார்கள். அந்தப் புத்தாண்டு வருவது அமாவாசையோடுதான். அந்த நாட்களில் அங்கே விலை தீப்பிடிக்குமாம். மற்ற மாதத்தில் திரும்பியும் பார்க்கமாட்டார்களாம்.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. ஓராக் குஞ்சுகள் வெளிக்கடலில் இருந்து முதன்முதலாகப் பாருக்கு வரும் நாளைக் காத்திருந்து பிடிப்பார்கள், பாசியை வாயில் வைக்கமுன். பாசி தின்றுவிட்டால் குடல் நாறும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதை முழுசாக உப்பில் ஊறப்போட்டு, சோயாக்கட்டித் துண்டின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கித் தருவார்கள். தலைப்பக்கத்தால்தான் வாயில் வைக்க வேண்டுமாம், வால் பக்கத்தால் வைத்தால் முள் தொண்டையில் நிற்கும். கத்தரிக்கோல் வாலில் இருந்து, வாய் தலையில் இருந்து. முள்ளின் சரிவைப் பார்த்து வந்த கணக்கு இரண்டும்.

மேய்ச்சல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் செங்கடலில் இருந்த ஓரா இனம் இரண்டு மெல்ல மெல்ல மத்தியதரைக் கடலுக்குள் போய்விட்டன. முதலாவதை 1924இல் பாலஸ்தீனக் கரையில் கண்டார்கள். அங்கே இப்படி மேய்கிற மீன் அதிகம் இருந்ததில்லை. இன்று துருக்கி, சைப்பிரஸ் பக்கத்துக் கற்களில் பாசியே இல்லாமல் வழித்துத் துடைத்தது போல ஆன இடங்கள் இருக்கின்றன. எங்கள் கடலில் பவளத்தைப் பாசி மூடாமல் பார்க்கிற மீன், அங்கே தொல்லை.

சரி, வெட்டியாயிற்று. நடுமுள்ளோடு ஒட்டிக் கிடக்கும் கறுத்த இரத்தத்தைத் தேக்கரண்டியின் நுனியால் சுரண்டி எடுங்கள். பூவைப் பிடுங்குங்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி வடியவிடுங்கள். ஊறப்போட வேண்டாம், ருசி தண்ணீரில் போய்விடும்.

சட்டிக்கு வருமுன் குத்தினால் செய்யவேண்டியதையும் சொல்லி முடிக்கிறேன். முள் உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள். மேலாகத் தெரிந்தால் இடுக்கியால் எடுங்கள், ஆழமாக இருந்தால் கிண்டாமல் வைத்தியரிடம் விடுங்கள். கையைத் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீருக்குள் வையுங்கள். வெப்பமானி இருந்தால் 45 பாகை செல்சியஸ் அளவு, அதற்கு மேல் போகவேண்டாம். சூட்டைப் பார்ப்பது குத்துப்படாத கையால், அல்லது இன்னொருவர் கையால். குத்திய கைக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது, அவிந்து போனவர்கள் இருக்கிறார்கள். மாமி தன் கையை விட்டுப் பார்த்தது அதற்குத்தான் என்று பின்னால்தான் விளங்கியது. தண்ணீர் ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்த்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. கை வெளியே இருக்கும்போது சுடுதண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். வலி இறங்கியபின் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்று யோசித்துப் பாருங்கள். வீக்கம் மேலே ஏறினாலோ, மூச்சு முட்டினாலோ, அடுத்த நாளும் சிவந்து சூடாக இருந்தாலோ ஆஸ்பத்திரிதான். சுண்ணாம்பு பூசுவது, கத்தியால் கீறி இரத்தம் எடுப்பது ஒன்றும் வேண்டாம்.

இனிச் சொதி. ஓராவுக்குச் சொதியை விட்டால் வேறு பெரிய மரியாதை இல்லை என்பது என் கட்சி. தூள் போட்டுப் பழப்புளி கரைத்துக் குழம்பும் வைக்கலாம், ஆனால் ஓராச் சதையில் ஒரு இனிப்பு இருக்கிறது, தூள் அதை மூடிவிடும். குழம்புக்கு ஒட்டி வாங்குங்கள், அது தாங்கும்.

அரைக் கிலோ ஓராவுக்கு ஒரு தேங்காய். முதற்பால் ஒரு கோப்பை தனியே, இரண்டாம் மூன்றாம் பால் சேர்த்து இரண்டரைக் கோப்பை. சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பச்சை மிளகாய் ஆறு கீறியது, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய, கறிவேப்பிலை ஒரு நெட்டு, உப்பு. மண்சட்டி இருந்தால் நல்லது. வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் மெல்லிய பாலில் போட்டு வெங்காயம் அவியும் வரை கொதிக்கவிடுங்கள். மீனை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். ஒரு சாண் ஓராவை இரண்டு துண்டாக வெட்டியிருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் அவிந்துவிடும். அகப்பையை உள்ளே விடாதீர்கள். சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். சினை இருந்தால் பாதியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் மாவாகிவிடும். பிறகு முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் கறிவேப்பிலையைப் போட்டு இறக்குங்கள். கொதித்தால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி இறக்கி ஐந்து நிமிடம் கழித்து, பாதிக் காய் போதும்.

இடியப்பத்துக்கும் நல்லது, புட்டுக்கும் நல்லது. புட்டு என்றால் சொதியைக் கொஞ்சம் கூடத் தண்ணியாக வையுங்கள். ஓராவில் சின்ன முள் அதிகம் இல்லை, நடுமுள்ளில் இருந்து சதை இலையாகக் கழன்றுவரும், அதனால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். விலா முள்ளை மட்டும் பார்த்து எடுங்கள். சுட்டுச் சாப்பிட விரும்பினால் சிரட்டைக் கரித் தணலில் தோலோடு, உப்பு மட்டும் தடவி. வெந்தபின் தோல் சட்டை போலக் கழன்றுவிடும். சுடுகிற மீனுக்கும் செட்டையை வெட்டத்தான் வேண்டும். நஞ்சு போய்விடும், ஊசி போகாது.

மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லி மூன்று கிழமை கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளைப் பீங்கானில் துப்புரவான ஓரா ஒன்று, பக்கத்தில் பேணியில் இருந்து கொட்டி விரித்துவைத்த செட்டைகள். முள்ளை எல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"இருபத்துமூண்டுதான் இருக்கு மாமா. ஒண்டு இல்லை."

மீனுக்குள் பார்த்தீரா என்று கேட்டேன். பார்த்தாராம். பலகையில்? இல்லை. கீழ்ச்செட்டையை எப்படி வெட்டினீர் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பேசினுக்குள் வைத்து வெட்டினாராம்.

"அப்ப பாத்திரம் கழுவுற பஞ்சைக் கையால தொடாமல் இடுக்கியால தூக்கிப் பாரும்" என்றேன்.

அதற்குள்தான் நின்றது.